சொல்லை எண்ணியோர்

ஆங்கிலத்தில் ‘வேர்ட்’ என்பது மிகச் சிறிய சொல். நம் பிள்ளைகள் அம்மொழியைத் தொடங்கும் நாளிலேயே அதனைக் கற்றுவிடுகின்றனர். தமிழில் ‘சொல்’ என்றும் அரபியில் ‘கலிமா’ என்றும் அதற்குப் பொருள் எழுதிக்கொண்டு மேலே சென்றுவிடுகின்றனர். இத்துடன் காரியம் முடிந்துவிடுமாயின் இதுபற்றி நாம் ஒரு கட்டுரை வரைய வேண்டிய தேவை எழுந்திராது. ஆனால், கல்லூரிகளில் பயிலும் நம் மாணவர்கள் அவ்வப்போது ஒரு வினாவைக் கொண்டு வருகின்றனர். திருக்குர்ஆனிலுள்ள சொற்கள் எத்தனை என்பதே அவ்வினா. இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தம் தஃப்ஸீரின் முன்னுரையில், மதீனத்துத் தாபிஈ அதா இப்னு யஸார் (ரஹ்) அவர்களின் கணக்காக 77,439 என்னும் தொகையைத் தருகின்றார்கள். இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்களின் ‘அல் இத்கான்’ நூலைத் திறந்தாலோ 77,934 என்றும், 77,437 என்றும், 77,277 என்றும் மூன்று தொகைகள் நிற்கின்றன; வேறு கணக்குகளும் உண்டு என்ற குறிப்பும் உடன் நிற்கின்றது. ஓர் எழுத்தும் மாறாத வேதம் என்று சொல்கிறோம். எண்ணிக்கை மட்டும் ஏன் மாறுகின்றது என்று மாணவர் கேட்கின்றனர். இதனையே பற்றுக்கோடாகக் கொண்டு மூலத்தின் மீது ஐயம் கிளப்புவோரும் உளர்.

இவ்வினாவைக் கேட்டவுடன் சினம் கொள்வது சிலரது வழக்கம். ஒரு தொகையே சரி, ஏனையவை ஏடெழுதியோரின் பிழை என்று கூறி வாயடைத்துவிடுவது வேறு சிலரது வழக்கம். இவ்விரண்டும் வேண்டாதவை. விடை இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்களின் அதே பக்கத்தில் இருக்கின்றது. அதனைப் படிக்கும் முன்னர், ‘சொல்’ என்று நாம் அழைக்கும் பொருள் யாது என்பதைச் சற்று ஆராய்ந்து கொள்ளுதல் நலம்.

ஆங்கிலச் சொல்லிலிருந்தே தொடங்குவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்திலும் அதன் வடிவம் இதுவே. ஜெர்மானியரின் ‘வோர்ட்’ அதன் உடன்பிறப்பு. இலத்தீன் மொழியின் ‘வெர்பும்’ அதற்கு ஒன்றுவிட்ட உறவு. அந்த இலத்தீன் சொல்லே பின்னர் ஆங்கிலத்துள் ‘வெர்ப்’ என நுழைந்து, வினைச்சொல்லை மட்டும் குறிக்கும் இலக்கணக் குறியீடாகச் சுருங்கிற்று. ஒரே குடும்பத்தில் பிறந்த இருவருள் ஒருவர் வீடு முழுவதையும் ஆள, மற்றவர் ஓர் அறையோடு அமைந்துவிட்டதைப் போன்றது இது. ஆங்கிலேயர் ஒருவர் தம் ‘வேர்டை’க் கொடுத்தால் வாக்குறுதி அளித்தார் என்பது பொருள். அதனை அனுப்பினால் செய்தி விடுத்தார் என்பது பொருள். தளபதி அதனைத் தந்தால் கட்டளை. காவலன் அதனைக் கேட்டால், தன்னவரையும் பிறரையும் பிரித்தறியும் மறைமொழி. இருவருக்கிடையே அது பன்மையில் நிகழ்ந்தால் சச்சரவு!

இவற்றைப் படித்து ஆங்கிலத்தின் வளத்தை வியப்போர், நம் வீட்டில் வழங்குவனவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ‘வாக்கு’ என்பது பேச்சு; அதுவே உறுதிமொழி; தேர்தல் வந்தால் பெட்டியில் விழுவதும் அதுவே. ‘வார்த்தை’ என்று நாம் வழங்குவது வடமொழியில் செய்தி என்னும் பொருளுடையது. தமிழில் அது சொல்லாகி நின்றது. ஆங்கிலேயரின் சொல் செய்தியாயிற்று. வடவரின் செய்தி நமக்குச் சொல்லாயிற்று. ‘வார்த்தை தடித்துவிட்டது’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கூறும்போது நடந்தது யாதென்று யாவரும் அறிவர். ‘மொழி’ என்பதோ இன்று தமிழ், அரபு போன்ற பெரும் பரப்பைக் குறிக்கின்றது. பழைய இலக்கணத்தில் அது தனிச்சொல்லையே குறிக்கும். ‘ஆ’, ‘பூ’ முதலியவற்றை ஓரெழுத்தொருமொழி என்று இன்றும் பள்ளியில் கற்பிக்கின்றனர் அல்லரோ? ‘பதம்’ என்பது நன்னூலாருக்குச் சொல். நம் அடுக்களையில் அது சோற்றின் பக்குவம். ‘சொல்’ என்பதற்கே நெல் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு.

அரபிக்கு வருவோம். ‘கலிமா’ என்ற சொல்லைத் தந்த காஃப், லாம், மீம் என்னும் மூன்றெழுத்துக்களே ‘கல்ம்’ என வந்து காயத்தைக் குறிக்கும். மொழியறிஞர் இப்னு ஜின்னீ (மறைவு ஹிஜ்ரீ 392, கி.பி. 1002) தம் ‘அல் கஸாயிஸ்’ நூலின் தொடக்கத்திலேயே இதனை எடுத்துக்கொண்டு, அம்மூன்றெழுத்துக்களையும் ஆறு வகையாக மாற்றி அடுக்கிப் பார்க்கின்றார். காயம் ஒன்று. ‘கமால்’ என்னும் நிறைவு ஒன்று. ‘லக்ம்’ என்னும் முட்டியடி ஒன்று. நீர் வற்றிய கிணற்றைக் குறிக்கும் அடுக்கு ஒன்று. ‘முல்க்’ என்னும் ஆட்சி ஒன்று. ஆறாவது அடுக்கை அரபியர் வழங்கவில்லை. வழங்கும் ஐந்தினுள்ளும் வலிமை, கடுமை என்னும் கருத்து ஓடுகின்றது என்பது அன்னார் முடிவு. எல்லா இடத்தும் இம்முறை பொருந்தும் என்று நாம் கருதவில்லை. வற்றிய கிணற்றுள் வலிமையைக் காண்பதற்கு அவர் பெரிதும் முயல வேண்டியிருக்கின்றது. ஆயினும், பேச்சும் காயமும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை நாவைக் காக்க அறியாதோர் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இலக்கண நூலோர் இப்பரந்த வழக்குகளையெல்லாம் ஒதுக்கி, கலிமாவுக்கு வேலி கட்டினர். ஸீபவைஹி தம் பெருநூலின் தொடக்கத்திலேயே சொற்களைப் பெயர், வினை, ‘ஹர்ஃபு’ என மூன்றாக வகுத்தார். நம் தொல்காப்பியர் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்ததனை ஈண்டு ஒப்பு நோக்குக. ‘அல்ஃபிய்யா’வுக்கு உரை கண்ட இப்னு அகீல் (மறைவு ஹிஜ்ரீ 769, கி.பி. 1367) அவர்களிடம் பாடம் கேட்ட ஒவ்வொரு மதரஸா மாணவரும் இவ்வேலியின் கால்களை அறிவர். வாயினின்று எழுத்தாகப் பிறக்கும் ஒலி எதுவும் ‘லஃப்ளு’. அதற்குப் பொருள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ‘ஸைத்’ என்ற பெயரைத் திருப்பி ‘தைஸ்’ என்றால் அதுவும் லஃப்ளுதான். ஆனால் அது கலிமா ஆகாது. ஒரு தனிப்பொருளுக்கென அமைந்த லஃப்ளே கலிமா. மூன்றோ அதற்கு மேற்பட்டனவோ சேர்ந்தால் ‘கலிம்’. கேட்போர் மேலும் எதிர்பாராதவாறு பொருள் நிறைந்தால் ‘கலாம்’. ‘ஸைத் நிற்கிறார்’ என்பதற்குரிய அரபுத் தொடரில் இரண்டே சொற்கள். ஆகவே அது கலாம், கலிம் அன்று. ‘ஸைத் நின்றால்’ என்பதற்குரிய தொடரில் மூன்று சொற்கள். ஆகவே அது கலிம், பொருள் முடியாமையால் கலாம் அன்று.

இவ்வளவு நுட்பமாக வேலி கட்டிய பிறகு இமாம் இப்னு மாலிக் (ரஹ்) அவர்களே அதில் ஒரு வாயிலையும் திறந்து வைக்கின்றார்கள். ‘கலிமா’ என்று கூறி முழுப் பேச்சையும் கருதுவது உண்டு என்பது அவர்கள் குறிப்பு. உரையாசிரியர் அதற்குக் காட்டும் சான்று வேறெதுவுமன்று. நம் குழந்தைகள் முதன்முதல் நாவில் பயிலும் கலிமாவேதான். ‘லா’ ஒன்று, ‘இலாஹ’ ஒன்று என இலக்கணப்படி அதனுள் பல கலிமாக்கள் உள்ளன. வழக்கிலோ அது முழுவதும் ஒரே கலிமா. தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் இப்பொருள் ஒன்றே நின்றுவிட்டது. ‘கலிமாச் சொன்னார்’ என்றால் ஏதோ ஒரு சொல்லை மொழிந்தார் என்று நம்மில் எவரும் கருதார். திருமறை ஈஸா (அலை) அவர்களை அல்லாஹ்வின் கலிமா என்று அழைக்கின்றது (3:45, 4:171). கிறிஸ்தவ அன்பர்களும் தம் வேதத் தமிழில் அவர்களை ‘வார்த்தை’ என்கின்றனர். பெயர் ஒன்றாயிருப்பதைக் கொண்டு இருசாராரும் ஒரே பொருளைக் கூறுகின்றனர் என்று எண்ணிவிடல் ஆகாது. தந்தையின்றி ‘குன்’ என்னும் கட்டளையால் படைக்கப்பெற்றமையின் அப்பெயர் பெற்றார்கள் என்பது நம் முஃபஸ்ஸிரீன்களின் விளக்கம்.

பொருள் வேறுபாடு இவ்வாறிருக்க, எண்ணுவோருக்கு இடர் தருவது எழுத்து வேறுபாடு. ஏட்டில் சொற்கள் இடைவெளி விட்டு நிற்கின்றன. அவற்றை எண்ணுவதில் இடர் எங்கே என்று இக்காலத்தார் நினைப்பர். சொற்களுக்கிடையே வெளி விடுதல் இயற்கையாக வந்ததன்று. கிரேக்கரும் உரோமரும் நெடுங்காலம் எழுத்துக்களை ஒரே தொடராக எழுதினர். கி.பி. 7, 8-ஆம் நூற்றாண்டுகளில் இலத்தீனைத் தாய்மொழியாகக் கொள்ளாத அயர்லாந்துத் துறவியர், படிப்பதற்கு எளிதாகச் சொற்களைப் பிரித்து எழுதத் தொடங்கினர். ஐரோப்பா பின்னரே அவ்வழக்கத்தை ஏற்றது. நம் பனையோலைகளில் வெளியும் இல்லை, பெரும்பாலும் புள்ளியும் இல்லை. ஆதிகால முஸ்ஹஃபுகளிலும், ஒரு சொல்லினுள் சேராத எழுத்துக்களுக்கிடையே உள்ள வெளியும் இரு சொற்களுக்கிடையே உள்ள வெளியும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். வரி முடிந்தால் சொல்லின் பாதி அடுத்த வரிக்குச் செல்லும். ஓதுபவருக்கு வேதம் நெஞ்சில் இருந்தது. ஏடு நினைவூட்டவே இருந்தது.

இனி, இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்களின் விடையைக் காண்போம். கலிமாவுக்கு நேர்ப்பொருளும் உண்டு, விரிந்த வழக்கும் உண்டு. நாவில் ஒலிக்கும் வடிவம் உண்டு, ஏட்டில் எழுதும் வடிவம் உண்டு. இவற்றுள் எதனைக் கொண்டு எண்ணினாலும் தகும். எண்ணியோர் ஒவ்வொருவரும் ஒன்றனைக் கொண்டனர். வேறுபாட்டுக்குக் காரணம் இதுவே என்பது அவர்கள் விளக்கத்தின் சாரம்.

இதற்கு இரண்டு சான்றுகள் போதும். பகரா சூராவின் 137-ஆம் வசனத்தில் ‘ஃபஸயக்ஃபீகஹும்’ என்று வருகின்றது. ஏட்டில் இது ஒன்று. இலக்கணத்தில் ‘ஃப’ ஒரு ஹர்ஃபு, ‘ஸ’ ஒரு ஹர்ஃபு, ‘யக்ஃபீ’ வினை, ‘க’ ஒரு சுட்டுப்பெயர், ‘ஹும்’ இன்னொரு சுட்டுப்பெயர். ஆக ஐந்து கலிமாக்கள். ஒன்று என்பவரும் பொய் சொல்லவில்லை, ஐந்து என்பவரும் பொய் சொல்லவில்லை. அடுத்த சான்று இன்னும் நுட்பமானது. ஹாரூன் (அலை) அவர்கள் தம் சகோதரரை ‘தாயின் மகனே’ என விளிப்பதைத் திருமறை இரண்டிடங்களில் கூறுகின்றது. அஃராஃப் சூராவின் 150-ஆம் வசனத்தில் மகன் என்பதும் தாய் என்பதும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. தாஹா சூராவின் 94-ஆம் வசனத்தில் விளியுருபு உட்பட யாவும் ஒன்றோடொன்று கோத்து ‘யப்னஉம்ம’ என ஒரே தொடராக எழுதப்பட்டுள்ளன. உதுமானிய எழுத்து மரபு இவ்வாறே இன்றளவும் காக்கப்படுகின்றது. அச்சிடுவோர் தம் விருப்பப்படி பிரிப்பதில்லை. ஏட்டைக் கொண்டு எண்ணுபவர் முன்னதில் இரண்டும் பின்னதில் ஒன்றும் கொள்வார். இலக்கணத்தைக் கொண்டு எண்ணுபவர் கணக்கு வேறு. வேதம் மட்டும் ஒன்றே.

எழுத்துக்களை எண்ணுவதும் அக்காலத்திலேயே நிகழ்ந்தது. ஹஜ்ஜாஜ் இப்னு யூஸுஃப் (மறைவு ஹிஜ்ரீ 95) ஓதுவோரையும் எழுதுவோரையும் கூட்டி எண்ணச் செய்தார் என்றும், அவர்கள் 340,740 எழுத்துக்கள் என முடிவு கண்டனர் என்றும், கஹ்ஃபு சூராவின் ‘வல்யதலத்தஃப்’ என்னும் சொல்லின் ‘ஃபா’வில் பாதி முடிவதாகக் கூறினர் என்றும் அறிவிப்பு உண்டு. அவரது கொடுமைகளை நாம் மறக்கவில்லை. எனினும், இக்கூட்டத்தைக் கூட்டியவர் அவரே. ஸ்பெயின் நாட்டு அபூ அம்ருத் தானீ (ரஹ், மறைவு ஹிஜ்ரீ 444, கி.பி. 1053) அவர்கள் ‘அல் பயான்’ என்ற நூலில் ஒவ்வொரு சூராவுக்கும் வசனம், சொல், எழுத்து ஆகியவற்றின் தொகையைத் தனித்தனியே தந்தார்கள். அச்சுப்பொறி இல்லாத நாளில் படியெடுத்தோருக்கு இத்தகைய கணக்கு ஒரு காவலாக இருந்திருக்கும் என்பது நம் கருத்து.

எண்ணிக்கையின் இன்னொரு திசையையும் கூறியாக வேண்டும். பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், வழங்கும் சொற்களைத் தேடித் திரட்டி அகராதி செய்வதை விடுத்து, இருக்கக்கூடிய சொற்களையெல்லாம் முதலில் கணக்கிட்டார். அரபு எழுத்துக்கள் 28. ஓர் எழுத்து இருமுறை வாராதபடி இரண்டு எழுத்துக்களை அடுக்கினால் 756. மூன்றை அடுக்கினால் 19,656. நான்கை அடுக்கினால் 491,400. ஐந்தை அடுக்கினால் 11,793,600. மொத்தம் 12,305,412. இத்தொகையை ஸுயூத்தீ (ரஹ்) அவர்களின் ‘அல் முஸ்ஹிர்’ நூலில் இன்றும் காணலாம். ஐயமுடையோர் தாளும் எழுதுகோலும் கொண்டு தாமே பெருக்கிப் பார்க்கலாம். நாமும் பெருக்கிப் பார்த்தோம். ஓர் இலக்கமும் பிசகவில்லை. இவற்றுள் அரபியர் வழங்குவன ‘முஸ்தஃமல்’, வழங்காதன ‘முஹ்மல்’ எனப் பிரித்து, தொண்டையின் அடியிலிருந்து எழும் ‘ஐன்’ எழுத்தை முதலாகக் கொண்டு அவ்வகராதி அமைந்தது. இக்காலக் கணித நூலோரும் பொருளைக் கருதாது வெறும் எழுத்தடுக்கையே ‘வேர்ட்’ என்கின்றனர். அவர்களின் ‘வேர்டை’ அரபியில் பெயர்க்க நேர்ந்தால் கலிமா என்று எழுதுவது பிழை. லஃப்ளு என்றே எழுத வேண்டும்.

சொல்லுக்கு விலை வைத்தபோது இக்கேள்வி கடைத்தெருவுக்கும் வந்தது. இங்கிலாந்தில் 1885-இல் முகவரி உட்படப் பன்னிரண்டு சொல்லுக்கு ஆறு பென்னி எனத் தந்திக் கட்டணம் நிறுவினர். உடனே மக்கள் இரண்டு சொற்களை ஒன்றாக ஒட்டி எழுதக் கற்றுக்கொண்டனர்! நாடுகள் கூடிச் செய்த விதிகளோ 1875-இலேயே சொல்லுக்கு எல்லை கட்டியிருந்தன. ஐரோப்பாவினுள் 15 எழுத்துக்கள், அதற்கு வெளியே 10 எழுத்துக்கள். மிகுந்தால் இரண்டு சொல்லாகக் கணக்கு. வணிகர்கள் அதற்கும் வழி கண்டனர். ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரு குழூஉக்குறி என அமைத்த தடித்த புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு சொல்லின் விலையில் ஒரு கடிதத்தையே அனுப்பினர். இந்தியாவில் தந்தி 2013 ஜூலையில் முடிவுற்றது. அதுவரை நம் குடும்பங்களில் மரணச் செய்தியும் சொற்கணக்குப் பார்த்தே எழுதப்பட்டது. தட்டச்சு வேகத்தை அளப்போர் ஐந்து தட்டுக்களை ஒரு சொல் என்கின்றனர். கணிப்பொறியாளர்க்கு அது இயந்திரம் ஒரு வீச்சில் கையாளும் அளவு. 1964-இல் வந்த ஐ.பி.எம். பொறி வரிசையில் அது 32 பிட்; 1978-இல் வந்த இன்டெல் 8086-இல் 16 பிட். மாணவர் கட்டுரை எழுதும் மென்பொருளுக்கும் 1983-இல் அதே பெயரைச் சூட்டிவிட்டனர். அம்மென்பொருள் வெளிக்கு வெளி எண்ணும். ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று தமிழில் எழுதினால் ஒன்று என்னும். பிரித்து எழுதினால் மூன்று என்னும். நன்னூலாரிடம் கேட்டால் விடை வேறாக இருக்கும்.

ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் உள்ளன என்று கேட்போருக்கு, ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பைக் காட்டுவோம். இருபது தொகுதிகள். தலைச்சொற்கள் 291,500, விளக்கமோ மேற்கோளோ பெற்ற சொல்வடிவங்கள் 615,100. ஒரே நூல், ஒரே பதிப்பு, இரண்டு தொகைகள். இதனைக் கொண்டு அவ்வகராதிக்கு இரண்டு மூலங்கள் இருந்தன என்று எவரும் வழக்காடியதில்லை. அப்பதிப்பில் இல்லாத ஐயத்தை 77,439-க்கும் 77,437-க்கும் இடையே மட்டும் காண்போரிடம் நாம் கேட்பது இந்நடுநிலை ஒன்றையே.

நம்மவர்க்கும் ஒன்று கூறவேண்டும். திருமறையில் ‘யவ்ம்’ என்னும் சொல் சரியாக 365 முறை வருகின்றது, அது ஓர் அற்புதம் என்று துண்டுப் பிரசுரங்கள் அச்சிடப்படுகின்றன, மேடைகளிலும் முழங்கப்படுகின்றது. அத்தொகை வருவதற்கு இருமையையும் பன்மையையும் விலக்க வேண்டும். ‘யவ்மஇதின்’ என்பதனையும் விலக்க வேண்டும். இலக்கணப்படி அதனுள்ளும் ‘யவ்ம்’ இருக்கின்றது. ஏட்டில் அது ஒட்டி எழுதப்படுவதால் விலக்குகின்றனர். ஏட்டைக் கொண்டா, இலக்கணத்தைக் கொண்டா எண்ணுகின்றோம் என்று முதலில் கூறாமல், வேண்டிய தொகை வரும்வரை வேலியை நகர்த்துவது கணக்கு ஆகாது. திருமறையின் மாட்சிக்கு இத்தகைய முட்டுக்கொடுத்தல் தேவையுமில்லை. ஐயம் கிளப்புவோரும் அற்புதம் காட்டுவோரும் இவ்விடத்தில் ஒரே தவற்றையே செய்கின்றனர். சொல் என்பது எப்போதும் ஒரே அளவுடைய படிக்கல் என இருசாராரும் கருதிவிட்டனர்.

டமாஸ்கஸ் நகரத்து அலமுத்தீன் ஸகாவீ (ரஹ், மறைவு ஹிஜ்ரீ 643, கி.பி. 1245) அவர்கள், சொற்களையும் எழுத்துக்களையும் எண்ணுவதில் தாம் பயனொன்றும் காணவில்லை என்று கூறினார்கள். கூட்டவும் குறைக்கவும் இயலும் நூலுக்கே அக்கணக்குப் பயன்படும், இவ்வேதத்தில் அஃது இயலாது என்பது அவர்கள் காட்டும் காரணம். இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் இக்கூற்றையும் எடுத்தெழுதுகின்றார்கள்; தாம் தந்த தொகைகளில் ஒன்றையும் அடித்துவிடவில்லை.